டப்ளினுக்கு இரண்டு இருக்கைகள்

ஜனவரி 8, வியாழன்

நான் செய்தது தவறுதான் என்பதை இன்று மாலை 6.40க்கு உறுதிசெய்துகொண்டேன். வகுப்புக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து போனில் நான்கு முறை தேடிப் பார்த்தேன். நான்கு முறையும் ஒரே பதில்தான். நடந்ததை வரிசையாக எழுதினால் எந்த இடத்தில் கோட்டை விட்டேன் என்பதாவது தெரியும்.

கேத்தரின் அக்கா பினாங்கில், பாயான் லெப்பாஸில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையின் ஸ்டோர் பொறுப்பாளர். வெளியிலிருந்து வரும் உதிரிப்பாகங்களை அவர் இறக்கி அடுக்குவார். நான் அவற்றைச் சோதித்து, சரியாக இருந்தால் பெட்டியின் மேல் பச்சைச் சீட்டு ஒட்டுவேன். பச்சைச் சீட்டு ஒட்டிய பெட்டியை அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நேராக உற்பத்திக்குப் போய்விடும். மூன்று வருடமாக எங்கள் இருவருக்கும் இதுதான் வேலை.

அக்காவின் மகள் மிஷெல் டப்ளினில் தாதியாக இருக்கிறாள். பிப்ரவரி 14, சனிக்கிழமை அங்குள்ள தேவாலயத்தில் அவளுக்குத் திருமணம். பதினெட்டாம் தேதி சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை அவர்கள் குடும்பத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். எனவே நாளை மாற்ற முடியாது. லாரன்ஸ் அங்கிள் மகளைக் கைப்பிடித்து அழைத்துப்போக வேண்டும், அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. ஆனால் சீனப் புத்தாண்டுக் கூட்டத்தில் இருவருக்கும் டிக்கெட் எடுக்க பதினேழாயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல் ஆகும். அங்கிளின் முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர்களிடம் அவ்வளவு பணம் இல்லை.

அவர்களிடம் இருந்தது வங்கி அட்டையில் சேர்ந்த பாயிண்ட். பதினொரு வருடமாகச் சேர்த்தது. ஜெலுத்தோங்கில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடியிலும், எங்கள் பேக்டரி பஸ்ஸிலும் யாருக்கு மின்சார பில் வந்தாலும், தண்ணீர் பில் வந்தாலும், பிள்ளையின் பள்ளிக்கூட வேன் கட்டணம் என்றாலும், ரொக்கத்தை அக்காவிடம் கொடுத்துவிடுவார்கள். அக்கா தன் அட்டையில் கட்டுவார். மற்றவர்களுக்கு வரிசையில் நிற்கும் வேலை மிச்சம், அக்காவுக்குப் பாயிண்ட். இந்தப் பாயிண்டை விமான நிறுவனத்தின் மைலாக மாற்றலாம். மைலைக் கொடுத்து இருக்கை வாங்கலாம். ஆனால் ஒரு விமானத்தில் மைலுக்கென்று ஒதுக்குவது இரண்டு மூன்று இருக்கைகள்தான். அவை எந்த நாளில் இருக்கின்றன என்பதை நிறுவனத்தின் தளத்தில் ஒவ்வொரு நாளாகத் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் நான் வந்தேன். மாலை வகுப்பில் தரவுப் பகுப்பாய்வு படிக்கிறவள் அல்லவா? வேறு ஒருவர் நடத்தும் ஒரு தேடல் தளத்தைப் பற்றி அங்கே கேள்விப்பட்டிருந்தேன். ஒரு மாதம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும். இடம் இருக்கும் நாள் பச்சையாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் காட்டினேன். பிப்ரவரி 10, 11, 12 மூன்று நாளும் பச்சை, ஒவ்வொன்றிலும் இரண்டு இருக்கைகள். "மாத்திடலாமா பிரமி?" என்று அக்கா கேட்டார். "மாத்திடலாம்கா" என்றேன். செவ்வாய்க்கிழமை எல்லாப் பாயிண்டையும் மைலாக மாற்றினார். ஒருமுறை மாற்றினால் திரும்ப வாங்க முடியாது.

இன்று மைல் வந்து சேர்ந்தது. விமான நிறுவனத்தின் தளத்தில் அந்த மூன்று நாளிலும் இருக்கையே இல்லை. தேடல் தளத்துக்குத் திரும்பிப் போனேன். மேலே ஓர் அறிவிப்பு: வெளிக் கருவிகள் தங்கள் தளத்தில் தேடுவதை விமான நிறுவனம் தடுத்துவிட்டது, இனிப் புதிய தகவல் வராது. பச்சைக் கட்டங்களுக்குக் கீழே, வெளிறிய சிறிய எழுத்தில் இன்னொரு வரி: கடைசியாகப் பார்த்தது டிசம்பர் 30.

அந்த வரி ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் இருந்திருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது பெட்டிகளில் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். தேதி பழையதாக இருந்தால் உள்ளே திறந்துகூடப் பார்க்க மாட்டேன். இங்கே பச்சையைப் பார்த்ததும் வேறு யாரோ சோதித்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

காலையில் முதல் லாரி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன். தாளைப் பார்த்துப் படித்ததுபோல் இருந்திருக்கும்.

அக்கா டிராலியின் கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மைலு எங்கியாச்சும் ஓடிப் போச்சா?"

"இல்லக்கா. உங்க கணக்குலதான் இருக்கு."

"அப்பறம் ஏன் செத்த வீட்டுல பேசுற மாதிரி பேசுற? இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. தேடுவோம் லா."

பிறகு டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பத்தே காலுக்கு நான் கழிவறைக்குப் போனபோது அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தார். குழாய் வெகு நேரம் ஓடியது. நான் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். போயிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தெரியவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

இரண்டாவது தவறு.

நான்கு நாள் தனியாகத் தேடிப் பார்த்தேன். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும், பிப்ரவரி 7 முதல் 12 வரை. ஒரு நாளைப் பார்க்க ஒன்றரை நிமிடம் ஆகிறது. இருக்கை காலையில் தோன்றி மதியத்தில் போய்விடுகிறது என்று இணையத்தில் படித்தேன். நான் வேலையில் இருக்கும்போது அது தோன்றிப் போனால் யார் பார்ப்பது?

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ஹைருல், இது சின்ன விஷயம் என்றான். அரை மணி நேரத்தில் ஒரு நிரல் எழுதினான். அது தானாகவே உள்ளே நுழைந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா நாள்களையும் பார்த்துவிட்டுச் சொல்லும். நுழைவதற்கு ஓர் உறுப்பினர் கணக்கு தேவைப்பட்டது. அக்காவிடம் போனில் கேட்டு அவருடைய கணக்கைக் கொடுத்தேன். அனுமதி கேட்டேனே ஒழிய, ஆபத்து உண்டு என்பதைச் சொல்லவில்லை. எனக்கே தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நிறுவனம் கருவிகளைத் தடுத்த செய்தியைப் படித்தவள் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினேழு நிமிடம் ஓடியது. பிறகு கணக்கு பூட்டப்பட்டதாக அக்காவுக்கு மின்னஞ்சல் வந்தது. ஹைருலின் முகம் வெளுத்துவிட்டது. "சாரி, சாரி" என்று ஆறேழு முறை சொன்னான்.

ஜனவரி 15, வியாழன்

கணக்கு திறந்துவிட்டது. மதிய இடைவேளையில் அக்கா ஐம்பது நிமிடம் போனில் காத்திருந்தார். கேன்டீனை ஒட்டிய ஸ்டோர் வாசலில் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பெட்டிக்கு நாடா சுற்றிக்கொண்டே காத்திருந்தார். எதிர்முனையில் பேசிய பெண் கறாராகச் சொன்னாள்: தானியங்கித் தேடல் இன்னொரு முறை நடந்தால் மைல் முழுவதும் ரத்து.

"புரிஞ்சுது மிஸ். எங்க வீட்டுப் புள்ள ஒன்னு தெரியாம செஞ்சிருச்சு" என்றார் அக்கா.

எங்க வீட்டுப் புள்ள. நான் அப்போது மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். அதைக் கேட்டதும் கையிலிருந்த பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தேன்.

ஜனவரி 16, வெள்ளி

பஸ்ஸில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. நேற்று அக்கா போனில் பேசியதைப் பாதிக் கேன்டீன் கேட்டிருக்கிறது.

காலை ஆறு ஐம்பதுக்கு பஸ் ஜெலுத்தோங்கிலிருந்து கிளம்பியதும் தனலெட்சுமி அக்கா முன் இருக்கையிலிருந்து எழுந்து திரும்பி நின்றார். பேக்கிங் பகுதியில் வேலை செய்பவர். அவர் பேசினால் ஓட்டுநருக்குக் கண்ணாடியே தேவையில்லை, பின்னால் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

"கேத்தரினு, என்னா இது? மக கல்யாணத்துக்குச் சீட்டு இல்லயாம், எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"உன்கிட்ட சொல்லி என்னாடி பண்ண? நீ என்னா பைலட்டா?"

"நான் பைலட்டு இல்ல. ஆனா அந்தப் பாயிண்டுல என் வீட்டுக் கரண்டு பில்லு இருக்கு. ஏழு வருஷமா குடுக்குறேன். அந்த ப்ளேனுல ஒரு சக்கரம் எனக்குச் சொந்தம்."

"அப்படின்னா ஒரு ரெக்கை எனக்கு" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "எங்க வீட்டுல மூணு ஏர்கான்."

"ஏர்கான் போட்டுத் தூங்குறவன்லாம் பேசுறான்" என்றார் ஓட்டுநர் அய்யாக்கண்ணு அண்ணன். பஸ்ஸே சிரித்தது.

பிறகு தனலெட்சுமி அக்கா என் பக்கம் திரும்பினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிரமிளா, நீதான படிச்ச புள்ள? எப்படித் தேடுறதுன்னு சொல்லு. மிஷினுதான வேணாங்குறான்? மனுஷன் தேடினா என்னா பண்ணுவான்?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. நாள் முழுவதும் அதையே யோசித்தேன். மாலையில் விதிகளை இரண்டு முறை படித்தேன். உறுப்பினராவதற்குக் காசு இல்லை. சொந்தக் கணக்கில் சொந்தக் கையால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தடை கருவிகளுக்கு மட்டும்தான்.

ஜனவரி 19, திங்கள்

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு தாள் தயாரித்தேன். தொழிற்சாலையில் நாங்கள் நிரப்பும் சோதனைத் தாளின் மாதிரிதான். மேலே நாள், பக்கத்தில் நேரம், கட்டத்தில் பார்த்தவரின் பெயர். பதினான்கு பேர் சேர்ந்தார்கள். ஒருவருக்கு ஒரு நாள், ஓர் ஊர், நாளுக்கு மூன்று முறை. பஸ்ஸில் வரும்போது, பத்து மணித் தேநீரின்போது, வீடு போன பிறகு. வேலை நேரத்தில் கைப்பேசி கூடாது என்பதால் பத்து மணிக்கு எல்லாரும் லாக்கருக்கு ஓடினார்கள். இரவு ஷிப்டில் இருக்கும் மூன்று பேர் காலை வீடு திரும்பும் பஸ்ஸில் பார்ப்பதாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை வகுப்பில் விஷயத்தைக் கேட்டால் ஹைருலும் ஒரு கட்டம் கேட்பான் என்று நினைத்தேன். இன்றே செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டான். நிரல் வேண்டாம், விரலால்தான் என்று எழுதியிருந்தான்.

அக்காவின் கணக்கை அக்காவைத் தவிர யாரும் தொடக்கூடாது. இருக்கை தெரிந்தால் நேரத்தோடு படம் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும். இன்னொருவர் தன் போனில் அதையே பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இரண்டு முறை தவறியவள் மூன்றாவது முறை எல்லாரையும் வேலை வாங்குகிறாளே என்று யாராவது நினைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அய்யாக்கண்ணு அண்ணன் மட்டும் கை தூக்கினார்.

"எனக்கு எந்தக் கட்டம்?"

"அண்ணே, நீங்க பஸ் ஓட்டணுமே."

"நாள் பூராவுமா ஓட்டுறேன்? உங்கள எறக்கிவிட்டுட்டு டிப்போவுல சும்மாதான குந்திக்கிட்டு இருக்கேன். சிங்கப்பூரு பதினொன்ன எனக்குக் குடு."

ஜனவரி 23, வெள்ளி

ஐந்து நாளில் மூன்று பொய் எச்சரிக்கைகள். ஒருவர் டப்ளினிலிருந்து கோலாலம்பூர் வரும் விமானத்தைப் பிடித்துவிட்டார். இன்னொருவர் மார்ச் மாதத்தில் தேடியிருக்கிறார். தனலெட்சுமி அக்கா கண்டுபிடித்தது முதல் வகுப்பு. மைல் இரண்டரை மடங்கு.

"படுத்துக்கிட்டே போலாமாமே, கேத்தரினு. பைஜாமா எல்லாம் குடுக்குறானாம்."

"நான் படுத்துக்கிட்டே போறதுக்கு இன்னும் நாள் இருக்கு, நீ நாளைக்கு ஒழுங்கா பாரு."

ஒவ்வொரு முறையும் போன் அதிரும்போது கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எடுக்கிறேன். ஆனால் தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. இதை நான் கேட்டுச் செய்யவில்லை. கேட்டிருந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு, மூன்று என்று எழுதியிருப்பேன்.

ஜனவரி 27, செவ்வாய்

காலை 10.06க்குத் தனலெட்சுமி அக்காவின் படம் வந்தது. கோலாலம்பூரிலிருந்து டப்ளின், பிப்ரவரி 10, சாதாரண வகுப்பு. 10.08க்கு நான் என் போனில் பார்த்தேன். இருந்தது. ஆனால் ஒரே ஓர் இருக்கை.

ஸ்டோருக்கு ஓடினேன். அக்கா படத்தைப் பார்த்தார். நான் எழுதுவதைவிடக் குறைந்த நேரத்தில் முடிவு செய்துவிட்டார்.

"லாரன்சுக்குப் போடு."

"அக்கா, கொஞ்சம் இருங்க. ரெண்டு சீட் சேர்ந்து வந்தா..."

"வரலன்னா? புள்ளையக் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறது அப்பன்தான். நான் வீடியோல பாத்துக்குறேன்."

அங்கிளை அழைத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "நான் தனியாவா? உனக்குப் பைத்தியமா? கே.எல். ஏர்போர்ட்டுலயே நான் காணாமப் போவேன்."

"காணாமப் போனா கூப்புடுவாங்க, கவுண்டருல போயி நில்லு."

"நீ வராத கல்யாணத்துக்கு நான் எதுக்கு?"

அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். நான்கு அடுக்கு அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் மெல்லப் பேசினார். என்ன சொன்னார் என்று தெரியாது. வெளியே வந்தபோது கடவுச்சீட்டின் படம் அவர் போனில் வந்திருந்தது.

அவரே உள்ளே நுழைந்து, அவரே பெயரையும் எண்ணையும் அடித்தார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். 10.21க்கு உறுதி. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. ஓர் இருக்கை கிடைத்ததால் அக்காவைப் பின்னால் விட்டுவிட்டுப் போகும் வழியை நானே திறந்து கொடுத்ததுபோல் இருந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் எங்கள் பஸ்காரர்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் விடியற்காலையிலிருந்து நின்றேன். கேத்தரின் அக்கா ஒவ்வொரு வருடமும்போல் வந்து, எலுமிச்சம்பழம் அறுக்கும் மேசையைப் பிடித்துக்கொண்டார். காவடி ஒன்று கடந்துபோன இடைவெளியில் திரும்பிப் பார்த்தேன். பந்தலுக்குப் பின்னால் ஐந்து பேர் வரிசையாக நின்று போனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து மணி.

இனி ஒரே ஓர் இருக்கைதான் தேவை. இரண்டைத் தேடுவதைவிட ஒன்றைத் தேடுவது எளிது என்று தாளின் அடியில் எழுதினேன். அதை எழுதியது எனக்குத் தைரியம் சொல்வதற்காகவா, உண்மை என்பதாலா என்று யோசித்தேன். இரண்டும்தான்.

பிப்ரவரி 4, புதன்

காலை 8.47. நான் வேலைத் தளத்தில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அய்யாக்கண்ணு அண்ணன் எனக்கு மூன்று முறை அழைத்திருக்கிறார். பிறகு தேடும் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் அனுப்பியிருக்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து வீட்டில் தூங்கப் போன ஒருவர் அதைத் தன் போனில் பார்த்து உறுதிசெய்திருக்கிறார். ஆனால் அக்காவின் போனும் என் போனும் லாக்கரில்.

அண்ணன் டிப்போவிலிருந்து காலிப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிட்டார். காவலர் உள்ளே விடவில்லை. காவலரே வாசலிலிருந்து அழைக்க, 9.05க்கு நானும் அக்காவும் இருந்த ஸ்டோரில் போன் மணி அடித்தது.

"பஸ் டிரைவர் கேட்டுல நிக்கிறாரு, கேத்தரின எறங்கி வரச் சொல்றாரு, உசுரு போற விஷயமாம்."

அக்காவின் முகம் அப்படியே மாறிவிட்டது. அங்கிளுக்கு ஏதோ என்று நினைத்துவிட்டார். இருவரும் ஓடினோம். வாசலில் அண்ணன் வேலிக்கம்பியின் வழியாகப் போனை நீட்டிக்கொண்டு நின்றார்.

"சிங்கப்பூரு. பதினொன்னாந் தேதி. ஒன்னே ஒன்னு. சீக்கிரம்!"

"அட நாசமாப் போறவனே, உசுரு போச்சுன்னியே!"

"சீட்டு போச்சுன்னா நீதான் என் உசுர எடுப்ப."

லாக்கருக்கு ஓடி அக்காவின் போனை எடுத்து வந்தேன். மூவரும் வேலியின் இரு பக்கமும் நின்றோம். அவசரத்தில் அக்காவுக்கு இரண்டு முறை கடவுச்சொல் தவறியது. மூன்றாவது முறையும் தவறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "அக்கா, நிறுத்துங்க" என்றேன். என் குரல் அப்படி உரக்க வந்து நான் கேட்டதில்லை. "உக்காருங்க. மூச்சு விடுங்க. ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க, நான் பாக்குறேன்." அக்கா தரையிலேயே உட்கார்ந்தார். எழுத்து எழுத்தாக அடித்தார்.

9.19க்கு உறுதி.

இருக்கை எண்ணும் இருந்தது. நடு இருக்கை, கழிவறைக்குப் பக்கத்தில். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வேலியின் வழியாக அண்ணனின் இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் உள்ளே வந்தது. காவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வரும் பயணத்துக்கு இருபத்திரண்டாம் தேதி இரண்டு இருக்கைகளும் சேர்ந்தே இருந்தன. கூட்டம் எல்லாம் இங்கே வரும் பக்கம் இல்லை போலும். அதையும் எடுத்துவிட்டோம்.

சாயங்காலம் தாளை எடுத்துப் பார்த்தேன். பதினேழு நாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர். ஒரு பெயருக்கு ஒரு வரி நன்றி எழுதலாம் என்று தொடங்கினேன். மூன்றாவது பெயரிலேயே நின்றுவிட்டேன். எல்லா வரியும் ஒன்றுபோலவே வந்தது. அவர்கள் செய்தது அப்படி ஒன்றுபோல இருக்கவில்லை. ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவிலும் பார்த்தார். ஒருவர் தன் கண்ணாடி உடைந்ததால் மகனை விட்டுப் படிக்கச் சொன்னார். ஹைருல் கடைசி வரை ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒரு நாளும் தவறவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

மதியம் லாரன்ஸ் அங்கிள் கோலாலம்பூர் விமானத்துக்குக் கிளம்பினார். விமான நிலையம் தொழிற்சாலைக்கு அருகில்தான். இடைவேளையில் அக்காவும் நானும் போனோம். அங்கிள் சட்டைப்பையில் நான் எழுதிக்கொடுத்த தாள். எந்தக் கவுண்டர், எந்த நேரம், மாறும் ஊரில் என்ன கேட்க வேண்டும் என்று பதினொரு வரி. அதை அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்கு நீ வருவல்ல?" என்று அக்காவிடம் மூன்று முறை கேட்டார்.

"இன்னைக்கு ராத்திரி சிங்கப்பூர் பஸ்ஸு ஏறுறேன். நீ போயி குளிர் எவ்ளோன்னு பாத்து வை."

அவர் உள்ளே போன பிறகு நான் அக்காவிடம், "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். எதற்கு என்று விளக்கவும் தொடங்கினேன்.

"இது எத்தனையாவது தடவ, பிரமி?"

"நாலாவது."

"எண்ணிக்கிட்டு வேற இருக்கியா?" அக்கா என் முதுகில் ஓர் அடி போட்டார், நிஜமாகவே வலித்தது. "நீ அந்தப் பச்சையக் காட்டலன்னா நான் போகணும்னே நெனச்சிருக்க மாட்டேன். பாயிண்டக் குடுத்து ரைஸ் குக்கரு வாங்கியிருப்பேன். மூணாவது ரைஸ் குக்கரு. புரியுதா?"

புரிந்தது என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் இன்னும் முழுவதும் புரியவில்லை. ஆனால் முதுகு வலிக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

சீனப் புத்தாண்டுக்காகத் திங்களிலிருந்து தொழிற்சாலை ஒரு வாரம் அடைப்பு. அதனால் இன்று எல்லாருக்கும் கூடுதல் நேர வேலை. பஸ் மாலை ஏழு நாற்பதுக்குக் கிளம்பியது. டப்ளினில் அப்போது பகல் பன்னிரண்டுக்கு இருபது நிமிடம்.

மிஷெலின் தோழி ஒருத்தி தேவாலயத்திலிருந்து நேரலை அனுப்பினாள். தனலெட்சுமி அக்கா தன் போனை ஓர் இருக்கையின் முதுகில் ரப்பர் பட்டையால் கட்டினார். அதைச் சுற்றி இருபது தலை. கரையோர நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். முதல் முறையாக நெரிசலுக்காகச் சந்தோஷப்பட்டேன்.

கதவு திறந்தது. லாரன்ஸ் அங்கிள் யாருடையதோ ஒரு கோட்டு போட்டிருந்தார், கை விரல்வரை மூடியிருந்தது. பதற்றத்தில் வேகமாக நடந்தார். மிஷெல் அவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, மெல்ல மெல்ல என்று தலையசைத்தாள்.

"ஏன்யா, பஸ்ஸப் புடிக்கவா போற!" என்று ஒருவர் கத்த, பஸ் முழுவதும் சிரிப்பு.

"முன்னாடி, முன்னாடி காட்டச் சொல்லு. கேத்தரினு எங்க?"

முன்வரிசையில் அக்கா. ஒரு கறுப்புக் குளிர் அங்கிக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மிஷெல் அருகில் வந்ததும் எழுந்து அதைக் கழற்றிப் போட்டார். உள்ளே மயில் நீலப் பட்டுப் புடவை. அந்தக் குளிரில் கழுத்து நிமிர்ந்து நின்றார்.

போன் பிடித்திருந்த பெண் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அக்கா திரும்பி எங்களுக்குக் கை அசைத்தார். ஆனால் தவறான பக்கம், ஒரு பூச்சாடியைப் பார்த்து.

"இந்தப் பக்கம் லா, கேத்தரினு! இங்க!" தனலெட்சுமி அக்கா போனைப் பார்த்துக் கத்தினார். எல்லாரும் கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

பஸ் எப்போது ஓரமாக நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

"அண்ணே, ரெண்டே நிமிஷம்" என்றேன்.

அய்யாக்கண்ணு அண்ணன் எச்சரிக்கை விளக்கைப் போட்டார். இன்ஜினை அணைத்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து, எங்கள் தலைகளுக்கு நடுவே இடம் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.